எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள்: படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கல்விச் சிகிச்சை

நான்காம் வகுப்புப் பிள்ளை பாடத்தை மளமளவென்று ஒப்பிக்கிறது. அதே பாடத்தின் நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொன்னால் விழிக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் வைத்தால் மனப்பாடம்தான் கூடும். டியூஷன் என்பது வகுப்பில் நடந்த பாடத்தை மறுபடி நடத்துவது. கல்விச் சிகிச்சை பாடத்துக்கு அடியில் இருக்கும் திறனைக் கவனிக்கிறது: எழுத்தை ஒலியாக்குவது, கேட்ட சொல்லை எழுத்தாகப் பிரிப்பது, எண்ணின் இடமதிப்பைப் புரிந்துகொள்வது. மருந்து மாத்திரை எதுவும் இதில் கிடையாது. வெட்டிய அட்டைகள், பென்சில், கட்டம் போட்ட நோட்டு, நொடி காட்டும் கடிகாரம், கொஞ்சம் குச்சிகள் போதும். பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வியாளர் கிடைத்தால் அவரிடமே போங்கள். கிடைக்காத இடத்தில் பெற்றோரோ வகுப்பாசிரியரோ தொடங்குவதற்கான வழி இது.

முதலில் கண்ணும் காதும்

கண், காது பரிசோதனை முடியாமல் எதையும் தொடங்க வேண்டாம். சுவரில் அட்டையை மாட்டிச் செய்யும் சோதனை, தூரத்தில் இருப்பது தெரிகிறதா என்பதை மட்டுமே சொல்லும். புத்தகம் பிடிக்கும் தூரத்தில், அதாவது 30 முதல் 40 செ.மீ.-க்குள், எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் மாறும். இன்று கேட்டது அடுத்த வாரம் மங்கிவிடும். பாடத்தின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாமல் தொடரும் பிள்ளையைக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'கவனமே இல்லை' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஒருவகை வலிப்பு.

இரண்டு மொழி படிக்கும் பிள்ளையானால் இரண்டிலும் சோதியுங்கள். தமிழில் சரளமாகப் படித்து ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், ஆங்கிலம் போதுமான அளவு காதில் விழவில்லை, முறையாகச் சொல்லித் தரப்படவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆங்கில எழுத்துக்கூட்டலின் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். இரண்டிலும் திணறினால்தான் அடிப்படைத் திறனில் சிக்கல் என்று ஐயப்பட வேண்டும்.

பிழைக் கணக்கு எடுப்பது

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். பலர் இதைத் தாவிவிட்டு நேரே 'அ'விலிருந்து தொடங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே நடத்திக்கொண்டிருந்தது தெரியவரும்.

பிள்ளை இதுவரை பார்க்காத, சுமார் 100 சொல் கொண்ட மூன்று பத்திகளை எடுங்கள்: ஒன்று அதன் வகுப்பு நிலையில், ஒன்று ஒரு வகுப்புக் கீழே, ஒன்று இரண்டு வகுப்புக் கீழே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் வேண்டும். எளிய பத்தியிலிருந்து ஆரம்பித்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் நகலில் குறித்துக்கொண்டே வாருங்கள். விட்ட சொல்லை அடியுங்கள். தவறாகப் படித்ததன் மேல், பிள்ளையின் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் பிழையில் சேர்க்க வேண்டாம். மூன்று நொடி திணறினால் சொல்லைச் சொல்லிவிட்டு, பிழையாகக் குறியுங்கள். திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் எழுதுங்கள்.

100-இல் 95-க்கு மேல் சரி என்றால் அந்தப் பத்தியைப் பிள்ளை தானாகப் படிக்கும். 90 முதல் 94 வரை என்றால் அது உங்களோடு உட்கார்ந்து படிக்க ஏற்ற அளவு. 90-க்குக் கீழே போனால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடிவையுங்கள், அது வகுப்புப் பாடநூலாகவே இருந்தாலும் சரி.

எண்ணிக்கை நிலையை மட்டும் சொல்லும். எதை நடத்துவது என்பதைச் சொல்வது, நீங்கள் சொற்களின் மேல் எழுதி வைத்த பிழைகள். ஒரு வரியைப் பாருங்கள்:

பத்தியில் இருந்தது: பொன்னன் கொடியை ஏற்றினான், கோழி தோட்டத்தில் மேய்ந்தது.
பிள்ளை படித்தது: பென்னன் கெடியை எற்றினான், கேழி தேட்டத்தில் மேய்ந்தது.

ஆறு சொல்லில் ஐந்து பிழை. மேலோட்டமாகப் பார்த்தால் 'ஒன்றுமே தெரியவில்லை' என்று தோன்றும். ஆனால் நான்கு பிழை ஒரே பிழைதான்: பொ, கொ, கோ, தோ ஆகிய நான்கிலும் பின்னால் வரும் துணைக்கால் விழுந்துவிட்டது. மிச்சமிருப்பது ஏகாரத்தைக் குறுக்கியது. 'மேய்ந்தது' சரியாக வந்திருப்பதால் இரட்டைக்கொம்பு பிள்ளைக்குத் தெரியும். ஒற்றைக்கொம்பும் தெரியும், அதனால்தான் 'பெ' என்கிறது. ஆக, கொம்பைக் கண்டதும் வாய் முந்திக்கொள்கிறது, எழுத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கண் எட்டுவதில்லை. இந்தப் பிள்ளைக்கு 247 எழுத்தையும் மறுபடி ஓட்டுவது வீண் வேலை.

இன்னொரு பிள்ளை 'மரம்' என்ற இடத்தில் 'மலை' என்று படிக்கும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிற பழக்கம் அது. 'செடி' என்று படித்தால் பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்துச் சொல்கிறது என்று பொருள். மூன்று பிள்ளைகளுக்கும் மதிப்பெண் ஒன்றாக இருக்கலாம், வைத்தியம் வேறு வேறு.

அடுத்து, பொருளே இல்லாத 20 சொற்களைப் படிக்கக் கொடுங்கள்: நொபு, கேதிமா, பைலூ என்கிற மாதிரி. சொல்லின் உருவத்தை மனத்தில் வைத்துச் சமாளித்து வந்த பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு 20 சொல் கொண்ட சொல்வதெழுதுதல். கடைசியாகக் கூட்டல், கழித்தலில் பத்துப் பத்துக் கணக்கு. விடையோடு செய்த வழியும் தெரிய வேண்டும் என்பதால் ரப்பரைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஒரு இலக்கு, மிஞ்சினால் இரண்டு

'வாசிப்பில் முன்னேற வேண்டும்' என்பது ஆசை. இலக்கு இப்படி இருக்க வேண்டும்: 'ொ, ோ வரும் 20 புதுச் சொற்களில் 18-ஐச் சரியாகப் படிப்பது, தொடர்ந்து மூன்று அமர்வுகளில்.' மூன்று அமர்வு என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. இன்று சொல்லித்தந்ததை இன்றே சரியாகச் செய்வதில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

எதை முதலில் எடுப்பது? படிப்பதையே தடுக்கும் பிழைக்கு முதலிடம். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் பெரியவர்கள் கண்ணை முதலில் உறுத்தும், அதற்காகத்தான் சிவப்பு மை அதிகம் செலவாகிறது. ஆனால் அவை வாசிப்பைப் பெரிதாகத் தடுப்பதில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பல வீடுகளில் பேச்சிலேயே அந்த வேறுபாடு இல்லாததால், 'காதில் கேட்டு எழுது' என்றாலும் பயன் இருக்காது. பள்ளி, பள்ளம், துள்ளல் என்று சொற்கூட்டமாக நினைவில் ஏற்றுவதுதான் வழி.

முப்பது நிமிட அமர்வு

வாரத்துக்கு நான்கு அல்லது ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் பிடித்து உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது. பள்ளி விட்டு வந்த கையோடு பசியில் உட்காரவைக்கவும் கூடாது.

முதல் 3 நிமிடம் பழைய அட்டைகள். பத்தில் எட்டு, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருக்கட்டும். பத்தும் புதிதாக இருந்தால் இரண்டாவது நாளே வயிற்றுவலி வரும்.

அடுத்த 5 நிமிடம் ஒலிப் பயிற்சி. எழுத்து வேண்டாம், காதும் வாயும் போதும். எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளரின் பெயரால் வழங்கும் கட்ட முறை இதற்குக் கைகொடுக்கும். 'கப்பல்' என்று சொல்லி நான்கு கட்டம் வரையுங்கள். க, ப், ப, ல் என்று பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஒரு கட்டத்துக்கு ஒரு பொத்தானைத் தள்ளட்டும். புள்ளி எழுத்துக்கு வேறு நிறப் பொத்தான். 'பக்கம்' என்பதைப் 'பகம்' என்று எழுதும் பிள்ளை இங்கே மூன்று பொத்தானோடு நிறுத்திவிடும், ஒரு கட்டம் காலியாக நிற்கும். விடுபட்ட க் எங்கே என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். பழகியதும் எடுத்துவிடும் விளையாட்டு: 'பட்டம்' சொல்லில் முதல் எழுத்தை எடுத்தால் மீதி என்ன?

அடுத்த 8 நிமிடம் புதுப் பாடம். மேலே பார்த்த துணைக்கால் பிரச்சினைக்கு இப்படிச் செய்யலாம். க, ெ, ா என்று மூன்று அட்டை வெட்டுங்கள். நடுவில் க. வலப்புறம் காலை நகர்த்தினால் கா. அதை எடுத்துவிட்டு இடப்புறம் கொம்பை வைத்தால் கெ. இப்போது இரண்டையும் வைத்தால் கொ. பிள்ளை இடக்கை விரலைக் கொம்பிலும் வலக்கை விரலைக் காலிலும் வைத்த பிறகே ஒலியைச் சொல்ல வேண்டும். இந்த அமர்வின் விதி ஒன்றுதான்: கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காதே, எழுத்தைத் தாண்டிக் கால் இருக்கிறதா என்று பார். முதல் நாள் க, ச, த, ப, ம ஐந்து போதும். பிறகு ஜோடிச் சொற்கள்: கெடு – கொடு, செல் – சொல், தேள் – தோள், பேய் – போய். ஔகாரக் குறியில் வருவது ளகரம் போலவே தோன்றுவதால் அதை இந்தப் பாடத்தோடு கலக்காதீர்கள், சில வாரம் கழியட்டும்.

சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியரும் 1930-களில் வகுத்த முறையில், கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மணல் தட்டும் களிமண்ணும் வாங்கி வைப்பவர்கள் நிறைய. விரல் மணலில் 'கொ' எழுதும் அதே நொடியில் வாய் 'கொ' என்று சொல்ல வேண்டும். பேசாமல் எழுதினால் அது ஓவிய வகுப்பு.

அடுத்த 8 நிமிடம் பத்தி வாசிப்பு. 90-க்கு மேல் சரியாக வரக்கூடிய, 50 முதல் 100 சொல் கொண்ட பத்தியை மூன்று அல்லது நான்கு முறை படிக்கவையுங்கள். முதல் முறை திருத்திக் கொடுங்கள், அடுத்த முறைகளில் நேரத்தைக் குறியுங்கள். திருத்தும்போது முழுச் சொல்லையும் நீங்களே சொல்லாமல், சறுக்கிய இடத்தில் பென்சில் முனையை வைத்துக் காத்திருங்கள். பாதிப் பிள்ளைகள் அதிலேயே திருத்திக்கொள்ளும். மூன்றாம் முறை பத்தி மனப்பாடமாகிவிட்டதோ என்று ஐயம் வந்தால், நடுவில் ஐந்து சொற்களை மட்டும் கண்டபடி தொட்டுக் கேளுங்கள்.

4 நிமிடம் சொல்வதெழுதுதல்: இன்று படித்த சொல்லில் ஐந்து, ஒரு சிறு வாக்கியம். படிக்கத் தெரிந்ததை எழுதவும் தெரிந்தால்தான் பாடம் முழுமை. நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான், அங்கேதான் ஓட்டை விழுகிறது. மிச்சமுள்ள 2 நிமிடம் பிள்ளைக்குப் பிடித்த ஒரு விளையாட்டு.

படிக்கிறது, புரியவில்லை

கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் சொன்ன எளிய கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கி வருவது. பெருக்கல் என்பதால் ஒன்று பூச்சியமானாலும் விடை பூச்சியம். எது குறைவு என்று அறிய, பத்தியை நீங்களே படித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டபோது புரிந்தால் சிக்கல் எழுத்தில். கேட்டும் புரியவில்லை என்றால் மொழியில்.

தமிழில் இந்த இரண்டாவது வகை எளிதாகக் கண்ணில் படாது. வீட்டில் வாயாடும் பிள்ளைக்கு மொழி வராது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் கேட்பது 'வந்துட்டான்', பாடநூலில் இருப்பது 'வந்துவிட்டிருந்தான்'. எனினும், ஆகையால், அன்றி, இன்றேல் போன்ற சொற்களைப் பேச்சில் பிள்ளை கேட்டதே இல்லை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் எழுத்துத் தமிழில் கதை படித்துக்காட்டி, ஒரு பத்தி முடிந்ததும் 'இப்ப என்ன நடந்துச்சு?' என்று பேச்சில் திருப்பிச் சொல்லவையுங்கள். பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்து, 'இதைப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் பார்' என்று வரியைக் காட்டுங்கள். பொருள்கோடல் கேள்வித்தாள்களை இந்தக் கட்டத்தில் அடுக்குவதால் பயனில்லை.

எழுதுவது

கை, எழுத்துக்கூட்டல், கருத்து மூன்றையும் பிரித்துப் பாருங்கள். விடையை வாயால் நன்றாகச் சொல்லி, பார்த்து எழுதுவதிலேயே திணறினால் சிக்கல் கையில். பார்த்து எழுதுவது சரி, சொல்வதெழுதுதலில் பிழை என்றால் எழுத்துக்கூட்டலில். தவறான சொல்லைப் பத்து முறை எழுதவைக்கும் தண்டனையால் கை வலிப்பதுதான் மிச்சம். ஐந்தாவது முறைக்குள் பிள்ளை பார்க்காமலே, சில நேரம் தவறாகவே, எழுதிக்கொண்டிருக்கும். பார், மூடு, எழுது, ஒப்பிடு என்று மூன்றே முறை செய்தால் போதும்.

கணக்கில்

52 – 27 = 35 என்று எழுதுகிற பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 7-இலிருந்து 2 போனால் 5, 5-இலிருந்து 2 போனால் 3. கழித்தல் வாய்ப்பாடு சரியாகவே இருக்கிறது. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று தனக்குத்தானே ஒரு விதியை வைத்துக்கொண்டு, மேல் கீழ் பார்க்காமல் அதைப் பின்பற்றுகிறது. இன்னும் நூறு கழித்தல் கணக்குக் கொடுத்தால் அந்தத் தவறான விதிதான் கெட்டிப்படும்.

குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து, '27 குச்சி எனக்குக் கொடு' என்று கேளுங்கள். ஏழு உதிரி கொடுக்க இல்லை, ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். கடன் வாங்குதல் என்ற பேரே இல்லாமல் வேலை நடந்துவிடும். சில அமர்வு கழித்து, குச்சிக்குப் பதில் தாளில் நெடுங்கோடும் புள்ளியும்: கோடு பத்து, புள்ளி ஒன்று. அதற்குப் பிறகுதான் வெறும் எண். நடுவிலுள்ள படநிலையை அவசரத்தில் விடுபவர்கள்தான் 'குச்சியில் செய்கிறது, நோட்டில் வரவில்லை' என்று வருகிறார்கள். விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணும்.

வரைபடமும் மாற்றமும்

கட்ட நோட்டில் வாரம் இரு புள்ளி வையுங்கள்: இலக்குச் சொற்களில் எத்தனை சரி, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாகப் படித்தது. தொடங்கிய இடத்திலிருந்து 12 வாரத்தில் எட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு கோடு போடுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் முறையை மாற்ற வேண்டும், பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பாடத்தை இன்னும் சிறு துண்டாக்கலாம், மீள்பார்வையைக் கூட்டலாம், பத்தியை ஒரு படி இறக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், முதலில் உங்களைக் கவனியுங்கள். பிள்ளை உங்கள் உதட்டைப் பார்த்து விடை சொல்லலாம், சரியான அட்டையை நீங்கள் அறியாமலே சற்று முன்னால் நீட்டலாம். தன் பிள்ளையிடம் பொறுமையாக உட்கார முடியாத பெற்றோர் நிறைய உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்தியிடமோ தாத்தாவிடமோ ஒப்படைத்துவிட்டு, வரைபடத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது

ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையில் இருப்பதன் நகல் கொடுங்கள், தேர்வில் கூடுதல் நேரம், அறிவியல், சமூக அறிவியல் விடையில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். தேவைப்பட்டால் கேள்வியைப் படித்துக்காட்ட ஒருவர், சொல்வதை எழுத ஒருவர். சலுகை கிடைத்ததும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். சலுகை இந்த ஆண்டைக் கடக்க உதவும், படிக்கக் கற்றுத் தராது.

நிபுணரிடம் எப்போது

ஆறு மாதம் முறையாக நடத்தியும் கோடு ஏறவில்லை என்றால் முழு மதிப்பீட்டுக்கு உளவியலாளரிடம் போங்கள். கற்றல் குறைபாட்டுக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையும், உதவி கொடுத்தும் குறைந்தது ஆறு மாதம் சிரமம் நீடிக்க வேண்டும் என்கிறது. ஏழு வயதுக்குள் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது மட்டும் வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்ஸியாவுக்கு அடையாளம் ஆகாது. அறிக்கை வாங்கும்போது பெயரோடு நிறுத்தாமல், எந்தத் திறன் எந்த அளவில் இருக்கிறது, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்கள் வைத்திருக்கும் பிழைத் தாள்களையும் வரைபடத்தையும் எடுத்துப் போனால் பாதி வேலை அங்கே முடிந்துவிடும்.

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி போன்றவற்றை விற்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு இவை பயன்தருவதாகச் சான்று இல்லை என்று 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் கூட்டாகவே சொல்லிவிட்டன. கண்ணில் குறை இருந்தால் கண்ணாடி போடத்தான் வேண்டும், ஆனால் அதனால் வாசிப்பு தானாக வந்துவிடாது.

இலக்கு எட்டிய பிறகு அந்த அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான்கு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதே வகையில் 20 புதுச் சொல் கொடுத்துப் பாருங்கள். 18 வந்தால் அடுத்த இலக்குக்குப் போகலாம். 15-க்குக் கீழே இறங்கினால் இரண்டு வாரம் அதே பாடம், பாதி நேரத்துக்கு.